1,000 ரூபாய் கார்ட்ரிட்ஜ், 20 ரூபாய் இங்க்: வீட்டிலேயே ரீஃபில் பண்ணினா நிஜமா லாபமா? ஒரு ஆடிட்டர் கணக்கு

இந்த வாரம் மியூச்சுவல் ஃபண்டும் இல்லை, வருமான வரியும் இல்லை. உங்க வீட்டு மேஜை ஓரத்துல துணி போட்டு மூடி வச்சிருக்கீங்களே, அந்த பிரிண்டர்.

ஒரு கணக்கு போடுவோம். கருப்பு கார்ட்ரிட்ஜ் விலை 1,000 ரூபாய், உள்ள இருக்கற இங்க் 7 மில்லின்னு வச்சுக்கோங்க. இருமல் மருந்து ஒரு வேளைக்கு ஊத்துற அளவுகூட இல்லை. அதை லிட்டருக்கு மாத்தினா 1,42,857 ரூபாய் வருது. பெட்ரோல் 100 ரூபாயைத் தாண்டினதுக்கு நாம போட்ட சத்தம் கொஞ்சமா? ஆனா இந்த இங்க்கை வாங்கும்போது ஒரு வார்த்தை பேசாம யுபிஐல தட்டிட்டு வந்துடறோம். காரணம், பாக்கெட் சின்னது. சின்ன பாக்கெட்ல வர்ற எதுக்கும் நாம லிட்டர் விலை, கிலோ விலை பார்க்கறதில்லை.

இதுல நான் போடற விலை எல்லாமே கணக்குக்காக எடுத்துக்கிட்ட ரவுண்டு எண்கள். மாடலுக்கு மாடல், கடைக்குக் கடை மாறும். உங்க பில்லில் இருக்கற எண்ணை வச்சு திரும்பப் போட்டுப் பாருங்க, முறை ஒண்ணுதான்.

பிரிண்டர் ஏன் இவ்வளவு மலிவு?

3,500, 4,000 ரூபாய்க்கு பிரிண்ட், ஸ்கேன், காப்பி மூணும் பண்ற மெஷின் கிடைக்குதுன்னா, அதுல கம்பெனிக்குப் பெரிசா லாபம் இருக்காதுன்னு யாருக்கும் புரியும். லாபம் பின்னாடி வருது. ஷேவிங் ரேசரை மலிவா கொடுத்துட்டு பிளேடுல சம்பாதிக்கற பழைய வியாபாரம் இது. 2024 ஜனவரியில ஹெச்பி நிறுவனத்தோட அப்போதைய தலைமை அதிகாரி என்ரிக் லோரெஸ் ஒரு டிவி பேட்டியில இதை ஒளிவு மறைவு இல்லாம சொன்னார். ஒருத்தர் பிரிண்டர் வாங்கும்போது கம்பெனி அவர் மேல முதலீடு பண்ணுது. அவர் போதுமான அளவு பிரிண்ட் எடுக்கலைன்னாலோ, கம்பெனி இங்க் வாங்கலைன்னாலோ அது மோசமான முதலீடு. சாராம்சம் இதுதான்.

யோசிச்சுப் பாருங்க. நீங்க பொருள் வாங்கினதா நினைக்கிறீங்க, அவங்க புத்தகத்துல முதலீட்டுத் தொகையே நீங்கதான்! ஒரு ஆடிட்டரா எனக்கு இதுல கோபம் வரலை, தெளிவா சொன்னாரேன்னு மரியாதைதான் வந்துச்சு. அவங்க அவங்க வருமானத்துக்குக் கணக்கு போடறாங்க. நாம நம்ம பக்கத்துக் கணக்கைப் போடணும், அவ்வளவுதான்.

புதுப் பிரிண்டர் பெட்டிக்குள்ள வர்ற கார்ட்ரிட்ஜையும் கவனிங்க. பல மாடல்கள்ல அது முழு அளவு கிடையாது. "செட்டப்" கார்ட்ரிட்ஜ்னு குறைஞ்ச இங்க்கோடதான் வரும். அதனாலதான் வாங்கின ரெண்டாவது மாசமே கடைக்கு ஓடறோம்.

மணலூர்பேட்டை வீட்டுக் கணக்கு

எங்க சொந்த ஊர் மணலூர்பேட்டை. கள்ளக்குறிச்சி மாவட்டம், தென்பெண்ணை ஆத்தங்கரை. தை மாசம் அண்ணாமலையார் தீர்த்தவாரிக்கு வர்ற ஊர்னு சொன்னா திருவண்ணாமலைப் பக்கத்துக்காரங்க உடனே தலையாட்டுவாங்க. அங்க என் சித்தி பொண்ணு ஒரு தனியார் பள்ளியில டீச்சர். சம்பளம் 14,000. சாயங்காலம் வீட்டுத் திண்ணையில இருபது பசங்களுக்கு டியூஷன். பசங்களுக்கு வாரா வாரம் ஒர்க்‌ஷீட், மாசக் கடைசியில ஒரு டெஸ்ட் பேப்பர். மாசம் 250 பக்கம் பிரிண்ட் ஆகுது.

போன லீவுக்குப் போனப்போ கேட்டா: "ஏன்ணா, பிரிண்டர் நாலாயிரம், ரெண்டு கார்ட்ரிட்ஜ் சேர்த்தா ரெண்டாயிரம். ரெண்டு தடவை மாத்தினா பிரிண்டர் காசே வந்துடுதே, இது என்ன நியாயம்?"

நியாயத்தை அப்புறம் பேசலாம், முதல்ல பெட்டியை எடுத்துட்டு வான்னேன். பெட்டியில பக்க அளவு போட்டிருக்கும். அவ வாங்கறதுல கருப்பு 480 பக்கம், கலர் 150 பக்கம். இந்த எண்கள் சும்மா போட்டது இல்லை. ஐஎஸ்ஓ/ஐஇசி 24711-ன்னு ஒரு சர்வதேச அளவுகோல் இருக்கு. எல்லாக் கம்பெனியும் ஒரே மாதிரி சோதனைப் பக்கங்களைத் தொடர்ச்சியா அடிச்சு, எத்தனை பக்கம் வருதுன்னு எண்ணணும். ஆனா அது விடாம அடிக்கிற சோதனை. நம்ம வீட்ல நாலு நாளைக்கு ஒரு தடவை ஆன் பண்ணுவோம், ஒவ்வொரு தடவையும் பிரிண்டர் தன் மூக்கைத் தானே சிந்திக்கிட்டுதான் வேலையை ஆரம்பிக்கும். அதுக்குச் செலவாகற இங்க் நம்ம கணக்குலதான். வீட்ல 480 வர்றது கஷ்டம். இருந்தாலும் கம்பெனி எண்ணையே எடுத்துக்குவோம்.

கருப்பு: 1,000 வகுத்தல் 480. பக்கத்துக்கு 2 ரூபாய் 8 காசு. மாசம் 250 பக்கத்துக்கு 521 ரூபாய். இது இங்க் மட்டும், பேப்பர் தனி. சம்பளத்துல நூத்துக்குக் கிட்டத்தட்ட நாலு பங்கு மையா ஓடுது. அவ பள்ளிக்கூடம் இதைத் திருப்பிக் கொடுக்கப் போறதும் இல்லை.

இங்கயே ஒரு வேடிக்கை. ஊர்ல ஜெராக்ஸ் பக்கத்துக்கு ஒன்றரை ரூபாய்னு வச்சுக்கிட்டா, சொந்த பிரிண்டர்ல அடிக்கறதை விட ஒரே ஒரு மாஸ்டர் காப்பி அடிச்சு மீதியை ஜெராக்ஸ் போடறதே மலிவு. சொந்தமா மெஷின் இருக்குன்ற ஒரே காரணத்துக்காக நாம அதிகம் கொடுத்துட்டு இருக்கோம். 120 பக்கம்னு போட்ட சின்ன கார்ட்ரிட்ஜ் வாங்கறவங்க நிலைமை இன்னும் மோசம். அது 800 ரூபாய்னா பக்கத்துக்கு 6 ரூபாய் 67 காசு. கல்யாணப் பத்திரிகையே அந்த ரேட்டுக்கு அடிக்கலாம்!

ரீஃபில் பண்ணினா?

100 மில்லி கருப்பு இங்க் பாட்டில் 200 ரூபாய். மில்லிக்கு 2 ரூபாய். ஒரு தடவைக்கு 7 மில்லி, சிந்தறது சிதறறது சேர்த்து 20 ரூபாய்னு வச்சுக்குவோம். ஒரு கார்ட்ரிட்ஜை நாலு தடவை நிரப்பலாம்னு எடுத்துக்கறேன். சிலது ஆறு தடவை தாங்கும், சிலது முதல் தடவையிலேயே படுத்துடும். நிரப்பினது 480 பக்கம் தராது, 350-ன்னு கணக்கு வைங்க.

மொத்தச் செலவு 1,000 கூட்டல் 80, ஆக 1,080. மொத்தப் பக்கம் 480 கூட்டல் நாலு தடவை 350, ஆக 1,880. பக்கத்துக்கு 57 காசு.

2 ரூபாய் 8 காசு எங்க, 57 காசு எங்க. என் தங்கச்சிக்கு மாசம் 521 இருந்த இடத்துல 144. மிச்சம் 377. வருஷத்துக்கு 4,500 ரூபாய்க்கு மேல, அதாவது அவ ஒரு மாச சம்பளத்துல கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்கு. போஸ்ட் ஆபீஸ் ஆர்டி மாசம் 100 ரூபாய்ல இருந்து, 10-ன் மடங்குல எவ்வளவு வேணும்னாலும் போடலாம். 370-க்கு ஒண்ணு திறந்துட்டா. அஞ்சு வருஷத்துல அசல் மட்டும் 22,200.

"அண்ணா, என் நேரத்துக்கு மதிப்பு இல்லையா?" நல்ல கேள்வி. ஒரு ரீஃபில் 350 பக்கம் தருது. அதைப் புது கார்ட்ரிட்ஜ்ல அடிச்சா 729 ரூபாய். இங்க் 20 போக மிச்சம் 709. எடுக்கற நேரம் முதல் தடவை முக்கால் மணி, பழகினா கால் மணி. 14,000 சம்பளத்தை 26 நாள், நாளுக்கு 8 மணின்னு வகுத்தா மணிக்கு 67 ரூபாய். முக்கால் மணிக்கு 50 ரூபாய் உழைப்புல 709 மிச்சம். சரி, மாசம் 80,000 வாங்கற ஐடிக்காரருக்கு? மாசம் 22 நாள், நாளுக்கு 9 மணின்னு பார்த்தா மணிக்கு 404. முக்கால் மணிக்கு 303. அப்பவும் லாபம்தான். ஆனா அவர் மாசத்துக்கு எட்டுப் பக்கம்தான் அடிக்கிறார்னா அந்த 350 பக்கம் தீர்றதுக்கு மூன்றரை வருஷம் ஆகும், அதுக்குள்ள மை காய்ஞ்சிடும். அவருக்கு பிரிண்டரே தேவையில்லை. தெருமுனைக் கடையில அஞ்சு ரூபாய் கொடுத்தாலும் மாசம் 40 ரூபாய்தான்.

இன்னொண்ணு, இதுல நஷ்டத்துக்கு ஒரு எல்லை இருக்கு. தீர்ந்துபோன கார்ட்ரிட்ஜோட மதிப்பு பூஜ்யம். குப்பைக்குப் போக வேண்டியது. ரீஃபில் சொதப்பினா போறது 20 ரூபாய் இங்க்கும் உங்க நேரமும்தான். பங்குச் சந்தையில இப்படி ஒரு வாய்ப்பு கிடைச்சா விடுவீங்களா? ஒரே ஒரு விதிவிலக்கு, கசியற கார்ட்ரிட்ஜை அப்படியே பிரிண்டருக்குள்ள சொருகறது. அப்போ பூஜ்யம் மதிப்புள்ள பொருள் நாலாயிரம் மதிப்புள்ள பொருளைக் கெடுக்கும். கீழே சொல்ற பொறுமை எல்லாம் அதுக்காகத்தான்.

எப்படிப் பண்றது

முதல்ல உங்க கார்ட்ரிட்ஜ் எந்த வகைன்னு பாருங்க. ஹெச்பி, கேனன் மலிவு மாடல்கள்ல கார்ட்ரிட்ஜ் அடியிலேயே செம்பு நிறத் தகடும், மை வர்ற நுண்துளைகளும் இருக்கும். அதாவது பிரிண்ட் ஹெட்டே கார்ட்ரிட்ஜோட சேர்ந்தது. உள்ள நுண்ணிய சூடேற்றிகள் மையை ஒரு கணம் கொதிக்க வைக்கும், அந்தக் குமிழி மையைத் துளி துளியா வெளியே தள்ளும். கெட்டுப்போனா கார்ட்ரிட்ஜோட போச்சு, புதுசு போட்டா புது ஹெட். ரீஃபில் கத்துக்க இந்த வகைதான் நல்லது. எப்சன்ல ஹெட் பிரிண்டரோட சேர்ந்தது, அது அடைச்சா சர்வீஸ் சென்டர்தான்.

வேண்டிய சாமான்: மெடிக்கல் ஷாப்ல 10 மில்லி சிரிஞ்சு, ஊசியோட. ஒவ்வொரு நிறத்துக்கும் தனி சிரிஞ்சு. கையுறை, டிஷ்யூ பேப்பர், பழைய தினத்தந்தி நாலு தாள், ஒரு பல் குச்சி. இங்க் வாங்கும்போது "எல்லா பிரிண்டருக்கும் பொருந்தும்"னு போட்ட பாட்டிலைத் தவிர்த்து உங்க கார்ட்ரிட்ஜ் எண் போட்டதைக் கேளுங்க. இது விலை விஷயம் இல்லை. நிறைய கார்ட்ரிட்ஜ்கள்ல கருப்பு மை பிக்மென்ட் வகை, அதாவது நுண்துகள் மிதக்கறது. கலர் மை டை வகை, தண்ணியில கரைஞ்சது. ரெண்டையும் கலந்தா உள்ள திரிஞ்சு நுண்துளை அடைச்சுக்கும். சென்னை ரிச்சி தெரு மாதிரி இடங்கள்ல வகை பிரிச்சுக் கொடுப்பாங்க. ஊர்ப்பக்கம் ஆன்லைன்தான் வசதி.

எப்போ நிரப்பணும்ன்றது முக்கியம். முழுக்கக் காயற வரைக்கும் விடாதீங்க. எழுத்துல வெள்ளைக் கோடு விழ ஆரம்பிச்ச உடனே நிறுத்திடுங்க. மை இல்லாம சூடேற்றி வேலை செஞ்சா அது கருகிடும், அப்புறம் எவ்வளவு ஊத்தினாலும் பிரயோஜனம் இல்லை. வருஷக்கணக்கா பரண்ல கிடந்த கார்ட்ரிட்ஜை எடுத்து நிரப்பறவங்க தோத்துப் போறதும் இதனாலதான்.

மேல ஒட்டியிருக்கற லேபிளை மெதுவா பாதி வரை உரிங்க. கீழ சின்னத் துளைகள் தெரியும். கருப்புல ஒண்ணுக்கு மேல துளை இருந்தாலும் அறை ஒண்ணுதான். கலர்ல மூணு அறை. எந்தத் துளை எந்த நிறம்ன்றது மாடலுக்கு மாடல் மாறும், யூடியூப்ல பார்த்த படத்தை நம்பி ஊத்தாதீங்க. என் வீடியோவா இருந்தாலும் சரி! பல் குச்சியை ஒவ்வொரு துளைக்குள்ளயும் விட்டு எடுத்து டிஷ்யூல தேய்ச்சுப் பாருங்க. மஞ்சளா, சிவப்பா, நீலமான்னு குச்சியே சொல்லும். என் தங்கச்சி முதல் தடவை இதைப் பண்ணாம மஞ்சள் அறையில மெஜந்தாவை ஏத்திட்டா. அந்த மாச சயின்ஸ் ஒர்க்‌ஷீட்ல சூரியகாந்தி எல்லாம் செம்பருத்தி ஆயிடுச்சு. பசங்களுக்கு ஒரே சிரிப்பு. அந்த கலர் கார்ட்ரிட்ஜ் மட்டும் தேறவே இல்லை.

உள்ள இருக்கறது பஞ்சு. ஊசியை பஞ்சுக்குள்ள நடு ஆழம் வரை இறக்கி, நிமிஷத்துக்கு ஒரு மில்லின்ற வேகத்துல ஏத்துங்க. வேகமா தள்ளினா பஞ்சுக்குள்ள காத்து மாட்டிக்கும், மை இருந்தும் பிரிண்ட் வராது. கருப்புக்கு 5-லிருந்து 7 மில்லி, கலர்ல ஒவ்வொரு அறைக்கும் 2-லிருந்து 3 மில்லி போதும். துளை வாயில மை எட்டிப் பார்த்தா உடனே நிறுத்தி, அரை மில்லி திரும்ப உறிஞ்சிடுங்க. காசு கொடுத்து வாங்கின மைன்னு விளிம்பு வரை நிரப்பறதுதான் கசிவுக்கு முதல் காரணம்.

லேபிளைத் திரும்ப ஒட்டுங்க. ஆனா காத்துப் போற வழியை செல்லோ டேப் போட்டு இறுக்கி அடைச்சுடாதீங்க. காத்து உள்ள போனாதான் மை வெளியே வரும், தண்ணி கேன் மேல ஓட்டை போடற அதே கதை. அடியில இருக்கற நுண்துளைப் பக்கத்தை, லேசா நனைச்ச டிஷ்யூ மேல சில விநாடி வச்சு எடுங்க. கருப்புல ஒரு அழுத்தமான கோடு, கலர்ல மூணு கோடு தனித்தனியா விழணும். கோடு விழலைன்னா வெதுவெதுப்பான தண்ணியில நனைச்ச டிஷ்யூ மேல அஞ்சு நிமிஷம் வச்சுப் பாருங்க. செம்புத் தகட்டை விரலால தொடாதீங்க. மை பட்டிருந்தா நார் விடாத துணியால ஒத்தி எடுங்க.

அப்புறம் உடனே சொருகாதீங்க. டிஷ்யூ மேல ஒரு மணி நேரம் சும்மா இருக்கட்டும். சொட்டலைன்னா மட்டும் பிரிண்டருக்குள்ள. ஒரு டெஸ்ட் பக்கம், தேவைப்பட்டா ஹெட் கிளீனிங் ஒண்ணு, மிஞ்சிப்போனா ரெண்டு. மூணாவது தடவை அழுத்தறது நீங்க இப்பதான் ஊத்தின மையைச் சாக்கடையில கொட்டறதுக்குச் சமம்.

பிரிண்டர் என்ன சொல்லும்?

"இங்க் இல்லை"ன்னுதான் சொல்லும். அந்த சிப் உள்ள எவ்வளவு மை இருக்குன்னு எட்டிப் பார்க்கறதில்லை. எத்தனை துளி செலவாச்சுன்னு எண்ணிக் கழிக்குது. நீங்க ஊத்தினது அதுக்குத் தெரியாது. ஹெச்பியில அந்த எச்சரிக்கைக்கு ஓகே கொடுத்துட்டு தொடரலாம். கேனன் பல மாடல்கள்ல ஈ13, ஈ16 மாதிரி குறியீடு வந்தா ஸ்டாப் பட்டனை அஞ்சு விநாடிக்கு மேல அழுத்திப் பிடிச்சா மை அளவு பார்க்கறதை நிறுத்திடும். அதுக்கப்புறம் அளவை உங்க கண்ணுதான் பார்த்துக்கணும்.

இன்னொரு உபயோகமான விஷயம். ரெண்டு கார்ட்ரிட்ஜ் போடற ஹெச்பி டெஸ்க்ஜெட் மாடல்கள்ல கலர் தீர்ந்துபோச்சுன்னா அதை வெளியே எடுத்துடுங்க. கருப்பை மட்டும் வச்சு ஒற்றை கார்ட்ரிட்ஜ் முறையில ஓடும். கலர் வாங்காம கருப்பும் அடிக்க முடியாதுன்னு நினைச்சு 1,000 ரூபாய் கொடுக்கறவங்க நிறைய பேர். டெஸ்ட் பேப்பருக்கு எதுக்குக் கலர்?

பிரிண்டரை எப்பவும் அதோட பட்டனை அழுத்தி அணைங்க, சுவத்து ஸ்விட்ச்ல இல்லை. பட்டனை அழுத்தினாதான் ஹெட் போய் மூடிக்குள்ள உட்காரும். ஸ்விட்சைப் போட்டு அணைச்சா பாதி வழியில திறந்த வாயோட நிக்கும். நம்ம ஊர் சித்திரை வெயில்ல நாலு நாள் போதும், மை காய்ஞ்சு அடைச்சுக்கும். வாரத்துக்கு ஒரு பக்கமாவது அடிங்க.

இது சட்டப்படி சரியா?

உங்க கார்ட்ரிட்ஜை நீங்க நிரப்பி நீங்க உபயோகிக்கறதுல ஒரு தப்பும் இல்லை. நிரப்பினதை ஒரிஜினல் பெட்டியில போட்டு புதுசுன்னு விக்கறது வேற, அது மோசடி. விலை நம்ப முடியாத அளவு குறைவா "ஒரிஜினல்" கிடைச்சா சந்தேகப்படுங்க, பில் வாங்குங்க.

அமெரிக்காவுல இது பெரிய வழக்காவே ஆச்சு. லெக்ஸ்மார்க் கம்பெனி, காலியானதைத் தன்கிட்டயே திருப்பித் தரணும்ன்ற நிபந்தனையோட தள்ளுபடி விலையில டோனர் கார்ட்ரிட்ஜ் வித்துச்சு. மேற்கு வர்ஜீனியாவுல இம்ப்ரஷன் புராடக்ட்ஸ்னு ஒரு சின்ன நிறுவனம், நிரப்பின பழைய கார்ட்ரிட்ஜ்களை வாங்கி வித்துச்சு. லெக்ஸ்மார்க் காப்புரிமை வழக்கு போட்டுச்சு. 2017 மே 30 அன்னிக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொல்லிச்சு: ஒரு பொருளை வித்த அந்த நிமிஷமே அது மேல இருக்கற காப்புரிமைப் பிடி முடிஞ்சுபோச்சு. நிபந்தனை போட்டு வித்தாலும், காப்புரிமைச் சட்டத்தைக் காட்டி வாங்கினவரைத் தடுக்க முடியாது. சின்னக் கடைக்காரர் ஜெயிச்ச வழக்கு.

கோர்ட்ல தோத்த கதவை மென்பொருள்ல பூட்டலாம்ன்றது அடுத்த கட்டம். 2016 செப்டம்பர்ல ஹெச்பியோட சில பிரிண்டர்கள் ஒரே நாள்ல வேற கம்பெனி சிப் இருக்கற கார்ட்ரிட்ஜ்களை மறுக்க ஆரம்பிச்சுது. எதிர்ப்பு வந்து கம்பெனி வருத்தம் தெரிவிச்சுது. ஆனா அந்த பாதுகாப்பு முறை இன்னும் பல மாடல்கள்ல இருக்கு. அது பார்க்கறது சிப்பை, மையை இல்லை. உங்க ஒரிஜினல் கார்ட்ரிட்ஜை நீங்களே நிரப்பினா சிப் பழைய ஒரிஜினல்தான், அதனால இந்தப் பூட்டு பொதுவா உங்களைத் தடுக்காது. மலிவு டூப்ளிகேட் கார்ட்ரிட்ஜ் வாங்கறவங்கதான் மாட்டுவாங்க. வீட்டு ரீஃபிலுக்கு இருக்கற, யாரும் அதிகம் பேசாத ஒரு சாதகம் இது.

வாரண்டி? நிரப்பின கார்ட்ரிட்ஜ் போட்டதாலயே வாரண்டி போயிடாதுன்னு ஹெச்பியோட வாரண்டி வாசகமே சொல்லுது. ஆனா பழுதுக்கு அந்த கார்ட்ரிட்ஜ்தான் காரணம்னு தெரிஞ்சா அந்த ரிப்பேருக்குக் காசு கேட்பாங்க. மத்த கம்பெனிக்கு அட்டையைப் படிங்க. என் யோசனை, வாரண்டி இருக்கற முதல் வருஷம் கருப்பு மட்டும் நிரப்புங்க, கலர்ல கை வைக்காதீங்க. நியாயமில்லாம மறுத்தா தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

அப்போ டேங்க் பிரிண்டர்?

இதை வித்தவங்க இதை எங்க கத்துக்கிட்டாங்கன்றது சுவாரசியம். இந்தோனேசியாவுல கடைக்காரங்க எப்சன் பிரிண்டர்ல குழாய் சொருகி வெளியே மை டப்பா மாட்டி ஓட்டிட்டு இருந்தாங்க. கம்பெனி அதோட சண்டை போட்டுப் பார்த்துட்டு, 2010-ல அந்த நாட்டுலயே தானே டேங்க் வச்ச மாடலை இறக்கிடுச்சு. இன்னிக்கு நாம வாங்கற டேங்க் பிரிண்டருக்கு அதுதான் தொடக்கம். ரீஃபில் பண்ணினவங்கதான் கம்பெனியை மாத்தினாங்க.

டேங்க்ல கருப்பு பக்கத்துக்கு 10 காசு மாதிரி வரும். ஆனா மெஷின் 12,000. சாதா பிரிண்டர் 4,000. வித்தியாசம் 8,000. புது கார்ட்ரிட்ஜ் வாங்கறவங்களுக்கு பக்கத்துக்கு 1 ரூபாய் 98 காசு மிச்சம், 8,000-ஐ மீட்க சுமார் 4,040 பக்கம். மாசம் 250 பக்கம்னா 16 மாசம். தாராளமா வாங்கலாம். ஆனா ஏற்கனவே ரீஃபில்ல 57 காசுக்கு வந்துட்டவங்களுக்கு மிச்சம் பக்கத்துக்கு 47 காசுதான், 17,000 பக்கம் அடிச்சாதான் போட்ட காசு வரும். மாசம் 250 வீதம் அஞ்சரை வருஷத்துக்கு மேல. அதுக்குள்ள டேங்க் பிரிண்டர்லயும் வேஸ்ட் இங்க் பேட் நிரம்பி சர்வீஸ் கேட்கும். விளம்பரத்துல "பக்கத்துக்கு இத்தனை காசு"ன்னு மட்டும் போடுவாங்க. எதோட ஒப்பிட்டுன்னு போட மாட்டாங்க.

புதுசா பிரிண்டரே வாங்கப் போறீங்க, மாசம் 200 பக்கத்துக்கு மேல நிச்சயம்னா நேரா டேங்க் வாங்குங்க, ரீஃபில் தலைவலி வேண்டாம். கருப்பு மட்டும் போதும், அடிக்கடி அடிக்க மாட்டேன்றவங்க லேசர் பாருங்க, டோனர் பொடி காயாது. கையில ஏற்கனவே கார்ட்ரிட்ஜ் பிரிண்டர் இருக்கறவங்களுக்குத்தான் இந்த ஊசி வேலை. கையில மை பட வேண்டாம்னா கடையில 150 ரூபாய் கொடுத்து நிரப்பிக்கோங்க. நாலு தடவைக்கு 600, கணக்கு பக்கத்துக்கு 85 காசு. அதுவும் மோசமில்லை. முதல் ரீஃபிலைக் கடையில பண்ணி, பக்கத்துல நின்னு பார்த்துட்டு, ரெண்டாவதை வீட்ல பண்றது இன்னும் நல்லது.

வரி விஷயம் ரெண்டு வரியில். சம்பளக்காரங்க பிரிண்டர், இங்க் செலவைத் தனியா கழிக்க முடியாது. புதிய முறையில 75,000 ஸ்டாண்டர்ட் டிடெக்‌ஷன்லயே எல்லாம் அடக்கம். ஆபீஸ் வேலைக்காக அடிக்கறீங்கன்னா கம்பெனியில ரீஇம்பர்ஸ்மென்ட் கொள்கை இருக்கான்னு ஹெச்ஆர்கிட்ட கேளுங்க, இங்க் பாட்டிலுக்கும் ஜிஎஸ்டி பில் வாங்கி வைங்க. சைடுல ஃப்ரீலான்ஸ் பண்றவங்க, உண்மைச் செலவைக் காட்டி கணக்கு எழுதறீங்கன்னா பிரிண்டருக்கு கம்ப்யூட்டரோட சேர்த்து 40 சதவீதம் தேய்மானம் கிடைக்கும். அனுமான வருமான முறையில போறவங்களுக்கு அதெல்லாம் ஏற்கனவே உள்ள அடங்கிடுச்சு, திரும்பக் கேட்க முடியாது.

கடைசியா, நிஜமாவே செத்துப்போன கார்ட்ரிட்ஜை வீட்டுக் குப்பையில போடாதீங்க. மின்கழிவு விதிகள்ல பிரிண்டரும் கார்ட்ரிட்ஜும் சேர்த்தே பட்டியல்ல இருக்கு. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில இருக்கற புது விதிகள்படி அதை மறுசுழற்சி பண்ற பொறுப்பு தயாரிப்பாளருக்கு இருக்கு. பெரிய பிராண்டுகள் தங்க இணையதளத்துல திருப்பி எடுக்கற வழியைப் போட்டிருக்காங்க. ரெண்டு மூணு சேர்த்து வச்சுட்டு, டவுனுக்குப் போறப்போ கொடுத்துட்டு வாங்க. ரீஃபில் பண்ற வீடியோ அடுத்த ஞாயிறு சேனல்ல வருது. அதுல ஊசி பிடிக்கப் போறது என் தங்கச்சிதான், நான் கேமரா.